36ஆவது கூடம்

லாவ் கார்-லியுங் 1978-இல் இயக்கிய 'ஷாவோலினின் 36ஆவது கூடம்' படத்தைச் செப்பனிட்ட பிரதியில் மறுபடி பார்க்கக் கிடைத்தது. 2022-இல் ஆரோ நிறுவனம் வெளியிட்ட ப்ளூ-ரே தொகுப்பில் இது முதல் படம். இந்த மாதிரி வெளியீடுகளைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. பழசாகிவிட்டால் எந்தக் குப்பையையும் 'கிளாசிக்' என்று பெட்டியில் போட்டு விற்கலாம் என்பது ஒன்று. ஷா பிரதர்ஸ் படம் என்றால் எல்லாமே பொக்கிஷம், எத்தனை வட்டு, எத்தனை நிமிஷம் உபரி என்று கணக்குப் பார்ப்பது மற்றது. இரண்டு தரப்பும் படத்தைப் பார்க்காமலேயே பேசக்கூடியவை. இந்தப் படத்தைப் பொறுத்தவரை கேள்வி வேறு. தொழிற்சாலை முறையில், ஒப்பந்த நடிகர்களை வைத்து, வாடிக்கையான பழிவாங்கும் கதையொன்றைச் சொல்லவந்த படத்தில், அந்தக் கதைக்குச் சற்றும் அவசியப்படாத ஒரு காரியம் நடந்திருக்கிறது. அது எப்படி நடந்தது, இத்தனை நாள் ஏன் சரியாகக் கண்ணில் படவில்லை என்பதுதான் விஷயம்.

கண்ணில் படாததற்கு ஸ்தூலமான காரணங்கள் இருந்தன. ஷா பிரதர்ஸ் ஸ்தாபனம் எண்பதுகளின் நடுவில் படத்தயாரிப்பைக் கைவிட்டு தொலைக்காட்சிப் பக்கம் திரும்பியபின், அதன் படங்கள் கிடங்கில் கிடந்தன. வெளியே உலவியவையெல்லாம் நகலின் நகல்கள். ஷாஸ்கோப் என்ற அகலத்திரைக்காக எடுத்த படத்தைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் கிட்டத்தட்டச் சதுரமான சட்டத்துக்குள் திணிப்பதற்காக இரண்டு ஓரங்களையும் வெட்டியிருந்தார்கள். ஆங்கிலத்தில் 'மாஸ்டர் கில்லர்' என்று பெயர் மாற்றி, குரலும் மாற்றி ஓட்டினார்கள். 2000-இல் செலஸ்டியல் பிக்சர்ஸ் எழுநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அந்தக் களஞ்சியத்தை வாங்கி ஒவ்வொன்றாகச் செப்பனிட ஆரம்பித்தபிறகே நிலைமை மாறியது.

ஓரம் வெட்டப்பட்டதை ஒரு தொழில்நுட்பக் குறை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. சண்டை என்பது இருவருக்கிடையிலான தூரம். யார் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள், அந்தத் தூரம் எந்தக் கணத்தில் சுருங்குகிறது, சுருங்குமுன் எந்தக் கால் நகர்கிறது என்பதில்தான் சண்டையின் அர்த்தம் இருக்கிறது. லாவின் காமிரா இதை அறிந்தது. உடம்பைத் தலையிலிருந்து கால்வரை சட்டத்துக்குள் வைத்து, வெட்டாமல், பல அசைவுகள் ஒரே மூச்சில் நிகழ விடுகிறது. வெட்டுப்பட்ட பிரதியில் ஒரு ஆள் வெறுங்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். எதிரியின் கை மட்டும் அவ்வப்போது ஓரத்திலிருந்து நீண்டது. இதைப் பார்த்துவிட்டு 'வெறும் குதியாட்டம்' என்று தீர்ப்புச் சொன்னவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பார்த்தது குதியாட்டம்தான்.

கதை சுருக்கமானது. காண்டன் நகரில் மஞ்சு ஆட்சிக்கெதிரான ரகசிய எதிர்ப்பில் ஈடுபட்ட ஆசிரியர், அவருடைய மாணவன், தளபதியின் படை, கொலைகள், தப்பியோட்டம். காயத்தோடு ஷாவோலின் மடத்துக்கு வந்துசேரும் மாணவன் சான் தே என்ற துறவியாகிறான். கோர்டன் லியூ நடித்திருக்கிறார். தளபதியாக வரும் லோ லியே, 1972-இன் 'கிங் பாக்ஸர்' மூலம் மேற்கில் குங்ஃபூ அலையைத் தொடங்கிவைத்த நடிகர். இங்கே அவருக்குச் செய்ய அதிகமில்லை. திரைக்கதை நி குவாங். தொழில் தெரிந்தவர். ஆனால் படம் மடத்துக்குள் நுழைந்ததும் திரைக்கதை ஏறக்குறைய நின்றுவிடுகிறது. இந்த நிற்றல்தான் நான் சொன்ன காரியம்.

ஒரு வருஷம் பெருக்கிக் கூட்டியபின் சண்டைக்கலை கற்க அனுமதி கிடைக்கிறது. 35 கூடங்கள். எங்கே ஆரம்பிக்கிறாய் என்று கேட்க, மேலேயிருக்கும் கூடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன் என்கிறான். அங்கே முதிய துறவிகள் சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, வெளியே தூக்கியெறியப்படுகிறான். பிறகு அடிக்கூடம். அங்கே கலை என்று ஒன்றுமில்லை. சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகும் வழியில் தண்ணீர். தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டை. அதன்மேல் கால்வைத்துத் தாண்ட வேண்டும். மற்ற துறவிகள் பேச்சுவாக்கில் தாண்டிப் போகிறார்கள். இவன் முழுகி எழுகிறான். பசி இங்கே ஆசான்.

அடுத்த கூடத்தில் இரு கைகளையும் நீட்டி வாளி நிறையத் தண்ணீர் சுமந்து ஏற வேண்டும். மேற்கையில் கத்தி கட்டியிருக்கிறது. கை தாழ்ந்தால் விலாவில் குத்தும். இன்னொன்றில் நீளக் கழியின் நுனியிலுள்ள பாரத்தால், ஒரு துறவி தட்டும் தாளத்துக்கேற்ப மணியை அடிக்க வேண்டும். மணிக்கட்டு ஒடிந்துவிடும்போல் இருக்கிறது, தாளமோ நிற்பதில்லை. வேறொன்றில் தலையை அசைக்காமல், ஆடும் விளக்கைக் கண் மட்டும் தொடர வேண்டும். முகத்தின் இருபுறமும் புகையும் பெரிய ஊதுவத்திகள். பிறகு வரிசையாகத் தொங்கும் மணல்மூட்டைகளைத் தலையாலேயே முட்டிக்கொண்டு கடக்க வேண்டும்.

இந்தக் கூடங்களில் ஒன்றிலும் எதிரி இல்லை. ஜெயிக்க ஆளில்லை. பழிவாங்கும் உணர்ச்சி மெல்ல மெல்லக் கரைந்து, பார்வையாளனும் அதை மறந்துவிடுகிறான். ஒரு அசைவு முடியாததிலிருந்து முடிவதாக மாறும் இடைவெளியைப் படம் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாடகம் அதுவே. சங்கீதத்தில் சாதகம் என்கிறோமே, அந்தக் காரியம் கச்சேரியில் தெரியக்கூடாது என்பது மரபு. லாவ் சாதகத்தையே கச்சேரியாக்கிவிட்டார். சினிமாவில் 'பயிற்சி' என்பது வழக்கமாக ஒரு பாட்டுக்குள்ளோ, சில துண்டுக் காட்சிகளுக்குள்ளோ அடங்கிப்போகும் சமாசாரம். அசல் விஷயத்துக்கு முன்னுரை. இங்கே முன்னுரை படத்தின் நடுப்பகுதி முழுவதையும் விழுங்கிவிட்டது. ஒரு ஸ்டூடியோ முதலாளி இதை எப்படி அனுமதித்தார் என்பது ஆச்சரியம்தான். ஜனங்கள் ரசித்தார்கள் என்பது இன்னும் பெரிய ஆச்சரியம். ஜனரஞ்சகம் என்ற சொல்லை ஒரு வசவாக மட்டும் பயன்படுத்தி வந்திருக்கும் நமக்கு இது கொஞ்சம் சங்கடமான தகவல்.

இது லாவுக்கு மட்டும் சாத்தியமானதற்குக் காரணம் உண்டு. அவருடைய தகப்பனார் லாவ் சாம், லாம் சாய்-விங்கின் சிஷ்யர். லாம் சாய்-விங், வாங் ஃபெய்-ஹுங்கின் சிஷ்யர். ஹுங் கார் என்ற தென்சீன மரபு அவருக்கு வீட்டுச் சொத்தாக வந்தது. அறுபதுகளிலிருந்து சாங் சேயின் படங்களுக்கு டாங் சியாவோடு சேர்ந்து சண்டை அமைத்தவர். சாங் சேக்கு வீரம் என்பது மரணம். சட்டையில்லாத மார்பு, வயிற்றில் கோடரி, நின்றபடியே சாதல். 1975-இல் தானே இயக்குநரான லாவ் இந்த மரண மோகத்தைக் கைவிட்டார். அவருக்கு உடம்பு என்பது கற்றுக்கொள்ளும் பொருள், கற்பிக்கும் பொருள். 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' படத்தில் ஒருவர்கூடச் சாவதில்லை. கையில் ஒரு மரபும் எதிரே ஒரு சந்தையும் இருக்கும் கலைஞன் மரபைச் சந்தைக்கேற்ப வெட்டுவான், அல்லது சந்தையை விட்டு ஓடுவான். சந்தைக்கு நடுவில் நின்றுகொண்டே மரபின் இலக்கணத்தை அவசரமில்லாமல் சொல்லிக்கொடுத்தவர் என்று வேறொருவரை அந்த ஊர் சினிமாவில் எனக்குக் காட்டத் தெரியவில்லை. 2013-இல் காலமானார்.

செப்பனிடுதலுக்கு வருகிறேன். துடைத்த பிம்பம் இரண்டு வேலை செய்கிறது. ஒட்டுமுடியின் விளிம்பு, துணியில் தீட்டிய வானம், வர்ணக்குழம்பாகவே தெரியும் ரத்தம், ஸ்டூடியோ மதிலின் பளபளப்பு எல்லாவற்றையும் அம்பலப்படுத்துகிறது. மங்கலான பிரதியில் ஒரு மர்மம்போல் தங்கியிருந்தது இப்போது தச்சுவேலையாகத் தெரிகிறது. இதில் ஏமாற்றமடைந்தவர்கள் உண்டு. அதே தெளிவுதான் லியூவின் முன்கை நடுக்கத்தையும் கழுத்து நரம்பையும் காட்டுகிறது. சூழ்நிலை எவ்வளவுக்குப் பொய்யென்று தெரிகிறதோ அவ்வளவுக்கு அதன் நடுவே நிற்கும் உடம்பு நிஜமாகிறது. பொம்மைக் கோயிலில் நிஜமான வியர்வை. பழைய பிரதியில் இரண்டும் ஒரே மங்கலில் கலந்துகிடந்ததால் எது பொய் எது மெய் என்று பிரிக்க வழியிருக்கவில்லை.

'மூலம்' என்ற சொல்லைக் கவனமாகக் கையாளவேண்டியிருக்கிறது. வெளியிடுபவர்கள் மூலத்துக்குத் திரும்பிவிட்டதாக விளம்பரம் செய்கிறார்கள். ஒலியில் அப்படி ஒரு மூலமே கிடையாது. இப்படங்கள் ஒலியில்லாமல் எடுக்கப்பட்டு, பின்னால் குரல் சேர்க்கப்பட்டவை. காண்டனீஸ் பேசும் நடிகனின் வாயில் யாரோ ஒருவரின் மாண்டரின் குரல். 'அசல் மொழியில்' பார்க்கிறேன் என்று பெருமைப்படும் சேகரிப்பாளரும் டப்பிங்தான் கேட்கிறார். செலஸ்டியலின் ஆரம்பகாலச் செப்பனிடுதல்களில் பல படங்களுக்குப் புதிய சத்தங்களைச் சேர்த்து, ஒற்றை ஒலித்தடத்தை நாலாபக்கமும் பரப்பினார்கள். கதவு மூடும் சத்தம்கூட இன்றையச் சத்தம். எதிர்ப்பு வந்தது, நியாயம். ஆனால் நியூயார்க்கின் மலிவுத் திரையரங்குகளில் அந்த ஆங்கில டப்பிங்கைக் கேட்டு வளர்ந்த கறுப்பின இளைஞர்கள், 1993-இல் வூ-டாங் கிளான் என்ற பெயரில் தங்கள் முதல் இசைத்தட்டுக்கே 36 கூடங்களின் பெயரை வைத்தார்கள். அவர்களை எட்டியது வெட்டுப்பட்ட, குரல் மாறிய, நிறம் வெளுத்த படம். அதிலிருந்தும் ஒரு சிருஷ்டி பிறந்தது. இதற்காகக் கெட்ட பிரதியை ஆதரிக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் சுத்தமான பிரதி இல்லாமல் கலையனுபவமே இல்லை என்பவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

ஷாவோலின் என்றதும் நம்மவர் சிலர் காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். 2011-இல் '7ஆம் அறிவு' இதை ஒரு தேசிய கீதமாகவே ஆக்கிவிட்டது. போதிதர்மரைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு, 6ஆம் நூற்றாண்டினது, அவரைப் பாரசீகர் என்கிறது. தென்னிந்தியர் என்பது வேறொரு குறிப்பு. சண்டைக்கலையை அவர் பெயரோடு முடிச்சுப்போடும் 'யி ஜின் ஜிங்' 17ஆம் நூற்றாண்டுச் சரக்கு. படமும் இந்தப் பூர்வகதையில் சிரத்தை காட்டவில்லை. யார் கொண்டுவந்தது என்பதைவிட எப்படிக் கைமாறுகிறது என்பதுதான் அதன் அக்கறை. பரம்பரைப் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு வாளியைத் தூக்க மறுக்கும் சுபாவத்துக்கு அந்த இரண்டாவது கூடத்தின் கத்தி நல்ல மருந்து.

பெயரிலுள்ள 36ஆவது கூடம் மடத்தில் இல்லாதது. 35 கூடங்களையும் முடித்து, ஒழுங்குக் கண்காணிப்பாளரான துறவியிடம் இருமுறை தோற்று, மூங்கில் காட்டில் மூன்று துண்டுக் கழி என்ற ஆயுதத்தைக் கண்டடைந்து ஜெயித்தபின், எந்தக் கூடத்துக்குத் தலைமையேற்கிறாய் என்று கேட்கிறார்கள். புதிதாக ஒன்று வேண்டும், வெளியாருக்குக் கற்றுத்தரும் கூடம், என்கிறான். மடம் மறுக்கிறது. மதிலுக்குள் இருப்பது மதிலுக்குள் இருக்க வேண்டும். தலைமைத் துறவி அவனைத் தண்டிக்கிறார்: வெளியே போய் நன்கொடை சேகரித்து வா. தண்டனை என்ற பெயரில் அனுமதி. விதியும் காப்பாற்றப்படுகிறது, மீறலும் நடக்கிறது. நீடித்து வாழும் ஸ்தாபனங்களின் சாமர்த்தியம் இதுவென்று நி குவாங் அறிந்திருக்கிறார்; திரைக்கதையில் புத்திசாலித்தனமான இடம் இதுவே. நூற்றுக்கணக்கில் மட்டும் அச்சடித்து நமக்குள்ளேயே சுற்றுக்கு விட்டுக்கொள்ளும் நம் போன்றவர்களுக்கு இந்த மதில் அந்நியமானதல்ல. நம்மிடம் இல்லாதவர் அந்தத் தலைமைத் துறவி.

ஆனால் இங்கேதான் படம் சறுக்குகிறது. ஒவ்வொரு கூடத்திலும் அத்தனை பொறுமையோடு இருந்த காமிரா, வெளியே வந்ததும் ஓட ஆரம்பிக்கிறது. சான் தே காண்டனில் ஆட்களைச் சேர்ப்பது நாலைந்து துரித காட்சிகள். தளபதியோடு நடக்கும் கடைசிச் சண்டை நேர்த்தியானது, ஆனால் கடன் தீர்ப்பதுபோல் இருக்கிறது. இடையில் மறந்துபோயிருந்த பழி ஞாபகம் வந்து அவசரமாகத் தீர்க்கப்படுகிறது. அவன் திரும்பி வந்து உருவாக்கும் 36ஆவது கூடமோ, வெளியார் பயிற்சி செய்வதாக ஒரு முடிவுக் காட்சி மட்டும். துறவி எப்படிக் கற்கிறான் என்று ஒரு மணி நேரம் காட்டிய படத்துக்கு, துறவியல்லாதவன், நாளைக்கு வேலைக்குப் போகவேண்டியவன், எப்படிக் கற்பான் என்று காட்டத் தெரியவில்லை. தலைப்பு வாக்களித்ததைப் படம் தரவில்லை.

1980-இல் லாவ் எடுத்த 'ரிட்டர்ன் டு தி 36த் சேம்பர்' அதே தொகுப்பில் இருக்கிறது. இதைத் தொடர்ச்சி என்பதைவிட பாக்கி என்பது பொருந்தும். சாயப்பட்டறைத் தொழிலாளிகளின் கூலி குறைக்கப்படுகிறது. அவர்களுக்கு உதவ ஒருவன் சான் தேயாக வேஷம் போட்டு உதைபடுகிறான். நிஜமாகவே கற்றுக்கொள்ள மடத்துக்குப் போகிறான். சான் தே அவனுக்கு ஒன்றும் சொல்லித்தருவதில்லை. மடத்தைச் சுற்றி மூங்கில் சாரம் கட்டச் சொல்கிறார். கட்டுகிறான், முடிச்சுப் போடுகிறான், தாவுகிறான், திட்டிக்கொண்டே வேலை செய்கிறான். ஊருக்குத் திரும்பி எதிரிகளோடு மோதும்போது, கை சாரம் கட்டிய மாதிரியே கட்டுகிறது. ஹாங்காங் தெருக்களில் எவரும் நாள்தோறும் பார்த்திருக்கக்கூடிய கூலிவேலை. சான் தேயாக இதில் வேறொரு நடிகர் வருகிறார். வேஷக்காரனாக நடிப்பவர் கோர்டன் லியூ.