நாம் விளையாடிய மாரியோ

சூப்பர் மாரியோவின் முதல் கட்டத்தில், திரையின் மேல் வலது மூலையில் 'டைம்' என்று போட்டு 400-லிருந்து எண் குறைந்துகொண்டே வரும். அது விநாடி கிடையாது. 24 ஃபிரேமுக்கு ஒருமுறை ஒன்று குறையும், அவ்வளவுதான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி விநாடிக்கு 60 ஃபிரேம். ஆக 400 தீர்ந்துபோக 160 விநாடி. நம்மூர் டிவி 50. அதே 400 தீர 192 விநாடி ஆகும். செம்பாக்கத்தில் ஒரு காயலான் கடையில் எடைக்குக் கிடந்த பழைய ட்யூப் டிவியை வாங்கி, ஒரு பழைய டிவி கேம் பெட்டியைச் செருகி, மாரியோவை ஓரமாக நிற்க வைத்துவிட்டு ஸ்டாப்வாட்ச்சில் பார்த்தேன். கணக்கு சரியாகவே வந்தது. அரை மணி நேரம் கழித்து லேப்டாப் எமுலேட்டரில் அதே சோதனை. 32 விநாடி முன்னதாகவே செத்துப்போனார்.

இந்த 32 விநாடியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

பழைய கேம்களை இப்ப திரும்ப விளையாடி எழுதுகிறவர்கள் எல்லாரும் 60-ல் விளையாடிவிட்டு எழுதுகிறார்கள். அமெரிக்கர் எழுதினால் நியாயம், அவர் சின்ன வயதில் பார்த்ததும் அதுதான். நம் ஆட்கள் எழுதும்போதுதான் இடிக்கிறது. தொண்ணூறுகளில் இங்கே வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் நிண்டெண்டோவின் அசல் பெட்டிகள் அல்ல. 1983-இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாமின் நகல்கள். மீடியா கம்பெனியின் 'லிட்டில் மாஸ்டர்' போல இந்தியப் பெயரோடு வந்தவையும் உண்டு, பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் பெயரே இல்லாமல் வந்தவையும் உண்டு. நம் டிவியில் கலரில் தெரிய வேண்டுமென்பதற்காக அந்த நகல்களை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினார்கள். உள்ளே ஓடிய கேமை யாரும் மாற்றவில்லை. ஐரோப்பாவுக்கு மாரியோவை அனுப்பும்போது நிண்டெண்டோ உட்கார்ந்து வேகத்தைச் சரிசெய்து அனுப்பியது. நமக்கு அப்படிச் செய்ய யாருக்கு என்ன தலையெழுத்து? 60-க்கு எழுதின புரோகிராம் 50-ல் ஓடினால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். நடை, குதி, குண்டு, பாட்டு எல்லாம்.

பாட்டில் ஒரு வேடிக்கை. தாளம்தான் மெதுவாகும், சுருதி இறங்காது. சிப்பின் கடிகாரம் அசலில் 1.79 மெகாஹெர்ட்ஸ், நகலில் 1.77. அந்த வித்தியாசம் நம் காதுக்குத் தெரியாது. ஆகவே நமக்குப் பழக்கமான மாரியோ பாட்டு அதே ஸ்வரம், இரண்டு படி கீழான காலம். இப்ப யூட்யூபில் கேட்டால் யாரோ அவசரப்படுத்துகிற மாதிரி இருப்பது அதனால்தான்.

சரி, எந்த வேகத்தில் எது இன்றைக்கும் தாங்குகிறது?

மாரியோ 60-லதான் நல்ல கேம். இதைச் சொல்வது கொஞ்சம் கசப்புதான். 50-ல் குதித்தால் ஒரு மிதப்பு இருக்கிறது, ஓட்டத்தில் அந்தச் சுறுசுறுப்பு வருவதில்லை. ஆனால் பழகிய கை பழகிய கைதான். எதிரியோடு மோத 30 ஃபிரேம் இருக்கிறதென்றால் 60-ல் அரை விநாடி, 50-ல் 0.6 விநாடி. சுத்தியல் எறிகிற ஆமைகளிடம் அந்த 0.1 விநாடி பெரிய சொத்து. நாற்பது வயதில் எமுலேட்டரில் குழியில் விழுந்துவிட்டு "வயசாயிடுச்சுப்பா" என்கிறோம். பாதிதான் வயசு.

கான்ட்ரா நேர் எதிர். ஒரு குண்டு பட்டால் சாவு, மூன்றே உயிர். 60-ல் தனியாக விளையாடினால் அருமையான, ஈவிரக்கமில்லாத கேம். ஆனால் இங்கே யாரும் அதைத் தனியாக விளையாடியதாக எனக்குத் தெரியாது. அண்ணன் ஒரு ஜாய்ஸ்டிக், தம்பி ஒரு ஜாய்ஸ்டிக். மூன்றாவது கட்டத்து அருவியில் ஒருத்தன் வேகமாக மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும், கீழே நிற்கிறவன் காலி. இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டு ஏற அவகாசம் வேண்டும். 50-ல் அது கிடைக்கிறது. சண்டை போடவும் நேரம் கிடைக்கிறது.

ரோட் ஃபைட்டரை இரண்டு வேகத்திலும் பத்து நிமிடத்துக்கு மேல் விளையாட முடியவில்லை. மீட்டர் 400 கிலோமீட்டர் காட்டுகிறது, பெட்ரோல் தீர்கிறது, அவ்வளவுதான்.

உண்மையில் தாங்குகிற கேம் 'பேட்டில் சிட்டி'. பெயர் தெரியாவிட்டாலும் 'டாங்க் கேம்' என்றால் தெரியும். நாம்கோ 1985-இல் போட்டது. மொத்த அளவே 24 கிலோபைட். ஒரே கேசட்டில் நூற்றுக்கணக்கில் கேம் இருப்பதாகப் பொய் சொல்லி விற்றவர்களுக்கு இந்த மாதிரிச் சின்ன கேம்கள்தான் தோது. அமெரிக்காவில் நிண்டெண்டோ பெட்டிக்கு இது அதிகாரபூர்வமாக வெளிவரவே இல்லை. அதனால்தான் அவர்களுடைய 'சிறந்த நூறு' பட்டியல்களில் இதைத் தேடினாலும் கிடைப்பதில்லை. அந்தப் பட்டியலை அப்படியே தமிழில் எழுதி 'நம் பால்யம்' என்று தலைப்பு போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இதன் அழகு ஒரே விதியில் இருக்கிறது. ஆரம்பத்தில் நம் டாங்கியின் ஒரு குண்டுதான் திரையில் இருக்கலாம். அது எதிலாவது மோதி மறைந்தால்தான் அடுத்தது. ஆகவே தூரத்து எதிரியைச் சுட்டால் குண்டு போய்ச் சேரும் வரை நீங்கள் நிராயுதபாணி. கிட்டே போனால் வேகமாகச் சுடலாம், ஆனால் அவனும் கிட்டே இருக்கிறான். ஒரு கட்டத்துக்கு 20 டாங்கி. கூட்டாளியைச் சுட்டால் அவன் சாகமாட்டான், கொஞ்ச நேரம் உறைந்து நிற்பான். உங்கள் குண்டே தவறிப்போய் கழுகின் மேல் பட்டாலும் ஆட்டம் முடிந்தது. இதில் குதியும் இல்லை, மிதப்பும் இல்லை, அதனால் 50 என்ன 60 என்ன, கெடுவதற்கு ஒன்றும் கிடையாது. வீட்டுக்கு வந்த, பள்ளிக்கூடம் படிக்கிற இரண்டு பையன்கள் கையில் கொடுத்தேன். எதையும் விளக்கவில்லை. ஐந்தாவது நிமிடத்தில் ஒருவனை ஒருவன் உறைய வைத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்ப வரவே முடியாதது வாத்து சுடுகிற கேம். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை, அது திரையைப் பார்க்கிற ஒரு கண். விசையை அழுத்தியதும் திரை ஒரு ஃபிரேம் கருப்பாகும், அடுத்த ஃபிரேமில் வாத்து இருந்த இடம் வெள்ளைக் கட்டமாகும். அந்த வெளிச்சம் அந்தக் கணத்தில் தெரிந்தால் வாத்து விழும். இப்போதைய எல்இடி டிவி படத்தை வாங்கி, மெருகேற்றி, சில ஃபிரேம் கழித்துத்தான் காட்டும். கண் மூடிய பிறகு வெளிச்சம் வந்து என்ன பயன்? ட்யூப் டிவி போனால் இந்த கேமும் போச்சு.

எமுலேட்டர்கள் சிலவற்றில் நம் வேகத்துக்கு ஓர் அமைப்பு இருக்கிறது. 50 ஃபிரேம், 1.77 மெகாஹெர்ட்ஸ், எல்லாம் சரி. அதன் பெயர் 'டெண்டி'. 1992 டிசம்பரில் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல் பெட்டியின் பெயர் அது. ரஷ்யர்கள் தங்கள் பெட்டிகளையும் கேசட்டுகளையும் உட்கார்ந்து ஆவணப்படுத்தியதால் பெயர் அவர்களுடையதாக நின்றது. இங்கே நான் கேட்டவரை கேசட்டுகள் பிளாஸ்டிக் எடைக்குப் போகின்றன. மேலே ஒட்டியிருக்கும் படத்தை நம்ப முடியாது, உள்ளே சிப்பு கருப்பு பிசினுக்கு அடியில், பெயரே இருக்காது. போட்டு ஓட்டிப் பார்த்தால்தான் என்ன மெனு, எந்த கேமின் எந்த வடிவம் என்று தெரியும். தாம்பரம், மேடவாக்கம், சேலையூர் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது 60 பின் கேசட் இருந்தால், வேலை செய்யாவிட்டாலும் பரவாயில்லை, எடைக்குப் போடுவதற்கு முன் சொல்லுங்கள். நகலெடுத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன். காண்டாக்டை வாயால் மட்டும் ஊத வேண்டாம், எச்சில் ஈரத்தில் செம்பு பச்சை பிடிக்கும்.