முதனூலும் திரைப்படமும்: ஆதர் சி. கிளார்க்கின் கதைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என மூவகைப்படுத்தினர் நம் இலக்கண ஆசிரியர். முன்னோர் நூலின் முடிவோடு ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாடுகளையும் உடையதாய் வருவது வழிநூல் என்பது நன்னூலார் கருத்து. கதைகள் திரைப்படங்களாகும் இக்காலத்துக்கும் இப்பாகுபாடு பொருந்துமா என ஆராய்தற்கு ஏற்ற ஆசிரியர் ஒருவர் நம் தீவிலேயே வாழ்ந்து மறைந்தார். இங்கிலாந்திற் பிறந்து, 1956இல் இலங்கையிற் குடியேறி, 2008 மார்ச் 19இல் கொழும்பிற் காலமான ஆதர் சி. கிளார்க்கே அவர்.

அவர் பெயரை உலகெங்கும் பரப்பியது ஸ்ரான்லி குப்ரிக் இயக்கி 1968இல் வெளிவந்த '2001: ஒரு விண்வெளிப் பயணம்' என்னும் திரைப்படம். இதற்கு வித்தானது, கிளார்க் 1948இல் எழுதி 1951இல் வெளியான 'காவலாள்' என்னும் சிறுகதை. மனிதன் சந்திரனை அடையும் நாளைத் தமக்கு அறிவிக்கும்பொருட்டு வேற்றுலகத்தார் அங்கு விட்டுச்சென்ற பொருளொன்றைப் பற்றியது அது. இவ்வித்திலிருந்து நாவலையும் படத்தையும் இருவரும் ஒருங்கே வளர்த்தனர். படம் வெளிவந்த பின்னர், அதே ஆண்டில் நாவல் அச்சேறியது. ஆகவே இப்படத்தை வழிநூல் என்றல் பொருந்தாது. நாவலும் படமும் ஒரு வித்தினின்று எழுந்த இரு மரங்கள் எனலே தகும்.

இரண்டும் தம்முள் வேறுபடும். நாவல் விளக்கிச் செல்வது. படம் வாய் திறவாதது. படத்தின் தொடக்கத்தில் நெடுநேரம் உரையாடலே இல்லை. பேரண்டத்தின் முன் மனிதன் நிற்குங்கால் சொல்லினும் மௌனமே வலிது என்பதைக் குப்ரிக் உணர்ந்திருந்தார். எனினும் அம்மௌனத்தால் நேர்ந்த இழப்பும் உண்டு. ஹால் என்னும் கணினி கலத்தில் இருந்தோரைக் கொன்றது ஏன்? உண்மை உரைக்கவெனப் படைக்கப்பட்ட அதனிடம், பயணத்தின் நோக்கத்தை மறைக்குமாறு மனிதர் ஆணையிட்டனர். அம்முரண்பாட்டால் அது நிலைகுலைந்தது என நாவல் கூறும். படமோ இதனைக் கூறாது விடுகின்றது. படத்தை மட்டும் கண்டவர் எந்திரத்தை அஞ்சுவர். நாவலையும் கற்றவர் மனிதரின் பொய்யை அஞ்சுவர். பின்னைய அச்சமே நமக்குப் பயன் தருவது.

இதன் தொடர்ச்சியான '2010' என்னும் நாவல் 1982இலும், பீற்றர் ஹயம்ஸ் இயக்கிய படம் 1984இலும் வெளிவந்தன. கொழும்பிலிருந்த கிளார்க்கும் அமெரிக்காவிலிருந்த ஹயம்ஸும் தொலைபேசிக் கம்பிவழி கணினிகளை இணைத்து, தொலைவிலிருந்தே கலந்துரையாடினர். இது முறையான வழிநூல். அமெரிக்க - சோவியத் பகைமையை மிகுத்துக் காட்டியது ஹயம்ஸ் தாம் வேண்டிக் கொண்ட வேறுபாடு. இன்னுமொரு புதுமையும் ஈண்டு நோக்கத்தக்கது. முதல் நாவலிற் பயணம் சனிக்கோளை நாடியது. குப்ரிக்கின் படத்தில் வியாழனை நாடியது. இரண்டாம் நாவலை எழுதுங்கால் கிளார்க் தம் நாவலை விடுத்துப் படத்தையே பின்பற்றினார். மூலத்தின் ஆசிரியரே திரைக்கு இணங்கிய அரிய நிகழ்ச்சி இது.

ஆயின், நம் மண்ணோடு மிக நெருங்கிய அவரது நாவல் இதுகாறும் படமாகவில்லை. 1979இல் வெளிவந்து ஹியூகோ, நெபியூலா என்னும் இரு பரிசுகளையும் பெற்ற 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்பதே அது. சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் பெயர் மாறி அதில் இடம்பெறுகின்றன. நிலவுலகிலிருந்து விண்வெளிவரை உயரும் கோபுரத்துக்கு அடித்தளமாக ஒரு புனித மலை வேண்டப்படுகின்றது. மலைமேல் மடம் அமைத்து வாழும் துறவியர் அதை விட்டு நீங்க வேண்டுமா என்பதே வினா. பொறியியலாளரையும் துறவியரையும் ஒருங்கே மதித்து எழுதினார் கிளார்க், எள்ளி நகையாடினாரல்லர். இது அந்நாவலின் தலையாய சிறப்பு.

எனினும், ஹேவாஹெட்ட மலைச்சாரலிலிருந்து அதனைப் படிப்போர்க்கு ஒரு குறை புலனாகாமற் போகாது. 1867இல் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டம் இப்பகுதியினது. மலையின் முகத்தை மாற்றிய அப்பெருஞ்செயலில், தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் உழைப்பு எத்துணையென நாம் அறிவோம். கிளார்க்கின் நாவலில் மன்னரும் துறவியரும் பொறியியலாளரும் முன்னிற்கின்றனர். கூடை சுமந்தோரும் கல் சுமந்தோரும் முன்னிற்கவில்லை. விண்ணேணியின் உச்சியைக் கண்ட கண்கள் அதன் அடியில் நிற்போரை நன்கு கண்டில.

இக்குறையால் அவர் பெருமை குன்றாது. அவர் விட்டுச்சென்ற செல்வம் படச்சுருளில் மட்டும் இல்லை என்பதே நம் துணிபு. மாணவர் படத்தைக் காண்க, நாவலையும் கற்க, இரண்டையும் ஒப்புநோக்குக. அதன்பின் அவர் எழுதாது விட்டதை எழுத முற்படுக. மலையின் அடியிலிருந்து விண்ணை நோக்கும் கதை இன்னும் ஒரு முதனூலுக்காகக் காத்திருக்கின்றது.