வானொலி நிகழ்ச்சி நடைகள்: வடசென்னைத் துறைமுக, தொழிற்பகுதியை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

புதிதாக ஒரு வானொலி நிகழ்ச்சியைத் திட்டமிடுவோர் முன்பே ஒலிபரப்பாகும் நிகழ்ச்சிகளைக் கேட்டு, ஒப்பிட்டு, தமக்குரிய வடிவத்தைத் தேடுகின்றனர். அவ்வொப்பீடு பெரும்பாலும் குரல், வேகம், இசை ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு நடையும் நேயரை யாராகக் கருதிப் பேசுகிறது என்பதே அடிப்படை வேறுபாடு எனக் கொண்டு, சென்னை வானொலி நிலையம், இலங்கை வானொலி, தனியார் பண்பலை, சமுதாய வானொலி ஆகியவற்றின் நடைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான பகுதிக்கு அரைமணி நேர அன்றாட நிகழ்ச்சி ஒன்றை வகுப்பது இதன் நோக்கம்.

திறவுச்சொற்கள்: வானொலி நடை, நேயர், வடசென்னை, இலங்கை வானொலி, பண்பலை, சமுதாய வானொலி, காற்று.

நேயரும் நேரமும்

இராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலை ஒட்டி வடக்கே செல்லும் நிலப்பகுதியில் நாளின் எந்த நேரத்திலும் ஒரு சாரார் வேலையில் இருப்பர். மீனவர் விடியுமுன் கடலுக்குப் புறப்படுகின்றனர். ஆலைகளில் மூன்று ஷிப்டுகளாக வேலை நடக்கிறது; இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பும் தொழிலாளி உறங்கும் நேரத்தில்தான் வானொலிகளின் 'காலை நிகழ்ச்சி' களைகட்டும். துறைமுகத்தை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் லாரி ஓட்டுநருக்கோ காலை, மாலை என்ற பிரிவே பொருளற்றது. அலுவலகம் செல்வோரின் நாளை அளவுகோலாக வைத்து வகுத்த நிகழ்ச்சி நிரல் இவர்கள் மூவரையும் தவறவிடும். ஆகவே நடையைப் பற்றிய ஆராய்ச்சியை நேரத்தைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்து பிரிக்க இயலாது.

கற்பிக்கும் குரல்

சென்னையில் வானொலி ஓர் ஊரின் முயற்சியாகவே தொடங்கியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி 1924இல் தோற்றுவித்த சென்னை மாகாண வானொலிக் கழகம் பொருள் நெருக்கடியால் 1927இல் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் ஒலிபரப்புக் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் இசையும் பள்ளிச் சிறுவர்க்கான கதைகளும் ஒலிபரப்பியது. குடிநீரும் தெருவிளக்கும் போல வானொலியும் நகராட்சியின் பணியாக இருந்த அக்காலம் இன்னும் விரிவாக ஆராயத்தக்கது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிய பின்னரே, எழுதிவைத்த உரையைப் பிசகின்றிப் படிக்கும் நடை நிலைபெற்றது.

அந்நடை நேயரை மாணாக்கராகக் கருதுகிறது. அதைப் பழமையானது என ஒதுக்குவது எளிது. ஆயினும் அதன் வலிமை கருதத்தக்கது. தஞ்சைப் பகுதியில் ஏ.டி.டி. 27 என்னும் நெல் 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. வானொலி சொன்னதை உழவர் வயலில் செய்து பார்த்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' இந்நடைக்குள்ளிருந்தே பிறந்து அதன் விறைப்பைத் தளர்த்தியது. வேளாண்மை ஒலிபரப்பில் பணியாற்றியவர் என்பதால், கேட்பவர் வேறு வேலையில் இருந்துகொண்டுதான் கேட்கிறார் என்பதை அவர் அறிந்திருந்தார் எனக் கருத இடமுண்டு. அவருடைய தொடர்கள் குறுகியவை. இடையில் கவனம் சிதறினாலும் கதை கைவிட்டுப் போகாது.

குறை வேறோரிடத்தில் உள்ளது. மீனவர்க்கான வானிலை அறிவிப்பை நோக்குக. காற்றின் வேகம் கிலோமீட்டரிலும், திசை 'வடகிழக்கு', 'தென்மேற்கு' என்றும், இடம் 'தமிழகக் கடலோரப் பகுதிகள்' என்றும் சொல்லப்படும். குப்பத்தில் அதே காற்றுக்கு வாடை, கொண்டல், கச்சான் எனப் பெயர்கள் உள்ளன. ஒவ்வொரு பெயரும் திசையோடு பருவத்தையும், மீன்படும் வாய்ப்பையும், கரைதிரும்பும் சிரமத்தையும் சேர்த்தே சொல்லும். அறிவிப்பு பிழையற்றது, ஆனால் கேட்பவரிடம் முன்பே இருக்கும் அறிவு அதில் இடம்பெறுவதில்லை.

உறவினர் குரல்

1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியது. 1952இல் அமைச்சர் பா. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கியதும் இந்திய நேயர் கூட்டம் கூட்டமாகக் கொழும்பின் பக்கம் திரும்பினர். அதற்கு எதிர்வினையாக 1957இல் விவித பாரதி வந்த கதை பலரும் எழுதியது. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, இராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் தமிழகத்து நேயர்க்கு வீட்டார் குரல்களாயின. இவர்களைப் பற்றி எழுதுவோர் ஏக்கத்தில் மூழ்கிவிடுகின்றனர். இக்கட்டுரையாளரும் அதற்கு முற்றிலும் விலக்கல்லர்.

ஏக்கத்தை நீக்கிப் பார்த்தால் எஞ்சுவது ஒரு செயல்முறை. நேயர் அஞ்சலட்டையில் தம் பெயரையும் ஊரையும் எழுதி அனுப்புவார். அறிவிப்பாளர் அவற்றைப் பிழையின்றி, அவசரமின்றிப் படிப்பார். மயில்வாகனனின் வேகத்தையும் ராஜாவின் துள்ளலையும் போலச் செய்தவர் பலர். ஆனால் அந்த வேகத்துக்கு நடுவிலும் ஊர்ப்பெயர் வரும்போது குரல் நிதானித்ததைக் கவனித்தவர் சிலரே. வரைபடத்தில் இடம்பெறாத சிற்றூர் கடல் கடந்த ஒரு நிலையத்திலிருந்து ஒலிக்கும்போது, நேயர் தாம் இருக்கும் இடம் இருப்பதாகவே உறுதி பெறுகிறார். எர்ணாவூர், காசிக்கோயில்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் ஆகியவற்றுக்கு இவ்வுறுதி தேவை. இப்பெயர்கள் செய்திகளில் வருவது பெரும்பாலும் கடலரிப்பையோ ஆலை விபத்தையோ ஒட்டித்தான்.

எனினும் உறவினர் குரலுக்கும் எல்லை உண்டு. நேயர் தம் பெயரையும் விரும்பும் பாடலையும் மட்டுமே அனுப்பினார். அவருக்குத் தெரிந்தது எதையும் வானொலி கேட்கவில்லை. உறவு உண்டு, உரையாடல் இல்லை.

வாடிக்கையாளர் குரல்

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23இல் சென்னையில்தான் தொடங்கியது. 2003இல் சூரியன், மிர்ச்சி முதலிய தனியார் நிலையங்கள் வந்த பின் பண்பலை என்ற சொல்லே ஒரு பேச்சுமுறையைக் குறிக்கலாயிற்று. எழுத்துப் பிரதியை விடுத்து, பேச்சுத்தமிழை வானொலிக்குள் கூச்சமின்றிக் கொண்டுவந்தது இந்நடையின் பங்களிப்பு. இரவையும் இதுதான் மதித்தது. லாரி ஓட்டுநருக்கு நள்ளிரவில் துணையிருப்பது பண்பலையே. இதை நடைத்தூய்மை பேசுவோர் மறந்துவிடுகின்றனர்.

ஆனால் இப்பேச்சுத்தமிழ் எந்த ஊருக்கும் பொதுவாகச் சமைக்கப்பட்ட ஒன்று. வடசென்னைப் பேச்சு அதில் பெரும்பாலும் நகைச்சுவைத் துணுக்குகளிலும் குறும்பு அழைப்புகளிலுமே தலைகாட்டுகிறது. ஒரு பேச்சுமுறை சிரிப்பதற்கென்றே பழக்கப்படுத்தப்பட்டால், அதே பேச்சில் ஒருவர் 'காத்து மாறுது' என்று எச்சரிக்கும்போது நேயர் அதை எவ்வாறு ஏற்பர்? இவ்வினாவைத் தொகுப்பாளர் பயிற்சிகளில் எவரும் எழுப்புவதாகத் தெரியவில்லை. மேலும் தனியார் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை. ஆகவே அந்த விரைவும் தொலைபேசி வசதியும் பாடல், பரிசு, விளம்பரம் ஆகிய வட்டத்துக்குள்ளேயே சுழல்கின்றன.

அண்டையார் குரல்

அலைவரிசை பொதுச்சொத்து என 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2004 பிப்ரவரி 1இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கியது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் உரிமம் பெறும் வழி திறந்தது. கதிர்வீச்சுத் திறன் 100 வாட், எட்டும் தொலைவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர், நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர்த் தயாரிப்பு என்பன விதிகள். திருவொற்றியூரில் நிறுவும் ஒரு நிலையம் தெற்கே இராயபுரத்தையும் வடக்கே எண்ணூரையும் ஏறத்தாழத் தொட்டுவிடும். வேறு எந்த நடைக்கும் இப்பகுதியின் அளவு இவ்வளவு பொருந்தவில்லை.

2016இல் பாம்பனில் தொடங்கிய கடல் ஓசை இங்கு முன்மாதிரியாகச் சுட்டப்படுவது இயல்பே. அங்கு மீனவக் குடும்பத்தினரே பேசுகின்றனர். அலையின் உயரமும் காற்றின் வேகமும் அன்றாடப் பேச்சாகின்றன. ஆயினும் பாம்பனை அப்படியே பெயர்த்து எண்ணூரில் நட இயலாது. பாம்பனில் நேயர் பெரும்பான்மையும் ஒரே தொழிலினர். இங்கோ கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் இறால் பிடிப்பவரும், அக்கழிமுகத்தைக் கெடுப்பதாகக் குற்றஞ்சாட்டப்படும் ஆலையில் ஒப்பந்த வேலை செய்பவரும் ஒரே வீட்டில் அண்ணன் தம்பியராக இருக்கக்கூடும். இருவரும் கேட்கத்தக்க நிகழ்ச்சி எது என்பதே இங்குள்ள உண்மையான சிக்கல்.

'உள்ளூர்த் தயாரிப்பு' என்ற விதி இதற்கு விடையாகாது. ஒலிப்பதிவு எங்கே நடந்தது என்பதை அது கணக்கிடுகிறது. யார் அறிந்ததை யார் சொல்கிறார் என்பதைக் கணக்கிடுவதில்லை. மருத்துவர் ஒருவர் சர்க்கரை நோய் பற்றி அரைமணி நேரம் படிக்கும் உரை திருவொற்றியூரில் பதிவானாலும் அது கற்பிக்கும் குரலே.

காற்றை முன்வைத்த திட்டம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. படகும் வலையும் கறுத்தன. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் அருகே ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளோடு தெருவுக்கு ஓடினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அத்தகைய வேளையில் செய்யத்தக்கது எளியது: ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, வாயு வரும் காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்லுதல். ஆனால் இருட்டில், அச்சத்தில், காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதை அறிந்திருந்தால் மட்டுமே குறுக்கு எது என்று தெரியும்.

அந்த இரவில் ஒரு சமுதாய வானொலி இருந்திருந்தாலும், பேரிடர் பற்றி உள்ளூர் நிருவாகம் தரும் தகவலையே அது சொல்ல இயலும். தானே செய்தி சொல்ல அதற்கு உரிமை இல்லை. ஆகவே நிகழ்ச்சியின் பயன் அந்த இரவுக்கு முந்தைய இரவுகளில்தான் அமையும். நம் திட்டத்தில் அரைமணி நேரத்தின் முதல் மூன்று நிமிடம் காற்றுக்குரியது. குப்பத்தைச் சேர்ந்த ஒருவர் அன்றைய காற்றைத் தம் பெயரால் சொல்வார். அடுத்து ஆலைத் தொழிலாளி ஒருவர் புகைபோக்கிப் புகை எப்பக்கம் சாய்கிறது, எந்தத் தெருக்களின் மேல் போகிறது என்பதைப் பெயர் சொல்லிப் படிப்பார். மீனவரின் அறிவும் தொழிலாளியின் அறிவும் ஒன்றையொன்று நிரப்பும் இடம் இதுவே. இருவரையும் பகைவராக்கும் விவாதமேடையை விட இது பயனுடையது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இப்பகுதி நிமிடம் பிசகாமல் ஒலிக்க வேண்டும் என்பது சென்னை நிலையத்திடம் கற்றது. தெருப்பெயரில் நிதானிப்பது கொழும்பிடம் கற்றது. வரிசையில் நிற்கும் ஓட்டுநர் அனுப்பும் குரல்பதிவை உடனே சேர்ப்பது பண்பலையின் வழி. நிகழ்ச்சி விடியுமுன் மூன்றரை மணிக்கும், முதல் ஷிப்டு கலைந்த பின் பிற்பகல் இரண்டரைக்கும், இரவு ஷிப்டுக்குக் கிளம்புமுன் ஒன்பது மணிக்கும் வரும். எஞ்சிய நிமிடங்கள் மறு ஒலிபரப்பாகலாம். காற்று மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதிவாக வேண்டும். பகலில் கடற்காற்று ஏறியதும் திசை மாறிவிடுமாதலால், பழைய காற்றைச் சொல்வது சொல்லாததைவிடத் தீது.

நடுப்பகுதியில் ஒருவர் தம் வேலையை எப்படிச் செய்கிறார் என்று பாராட்டோ குறுக்கீடோ இன்றி விவரிப்பார். பிறகு கானாவோ விருப்பப் பாடலோ வரலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டின் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்போது விடியற்கால ஒலிபரப்பு அவர்களுக்குப் பொருளற்றது, பழுதுபார்ப்பும் வலை தைக்கும் பேச்சும் பிற்பகலுக்கு மாறும். ஒத்திகை என்ற பெயரில் அபாயச் சங்கொலியை வானொலியில் ஒலிக்கவிடலாகாது. பாதியில் கேட்பவர் உண்மையென்று ஓடுவர்.

மறுப்பு ஒன்று எழக்கூடும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழும் இளைஞருக்குக் கச்சான் என்றால் என்னவென்று தெரியாது. குப்பத்துக்குக் குப்பம் சொல்லும் சற்று மாறும். அதனால் காற்றின் பெயரை அடுத்துத் திசையையும் சொல்ல வேண்டும், ஆனால் பெயரே முதலில் வர வேண்டும். நாள்தோறும் கேட்பவர்க்கு ஒரு பருவம் கழிவதற்குள் அது பழகிவிடும்.

குரலை ஒருவருக்கே உரியதாக்காமல் வாரந்தோறும் மாற்றுவது நலம். முதல் வாரத்துக்குக் கடலுக்குச் செல்லும் ஆடவரையே அனைவரும் எண்ணுவர். காசிமேட்டு ஏலத்துக்கு விடியுமுன் கூடையோடு வந்து நிற்கும் மீன்விற்கும் பெண்களும் காற்றைப் பார்த்தே அன்றைய வரத்தைக் கணிக்கின்றனர். மூன்றரை மணி ஒலிபரப்பை அவர்களிடமிருந்து தொடங்கலாம்.