நாள் குறித்தவர்களும் காத்திருந்தவர்களும்

விவிலியத் தீர்க்கதரிசனங்களில் பல, சொல்லப்பட்ட காலத்தில், அன்றைய மக்களின் அன்றைய பயத்துக்குக் கிடைத்த பதில்கள். கி.மு. 735ஐ ஒட்டி, வடக்கிலிருந்து இரு மன்னர்கள் கூட்டாகப் படையெடுத்து வந்தபோது யூதாவின் அரசன் ஆகாஸ் நடுங்கினான். அவனுக்குத்தான் ஏசாயா இம்மானுவேல் என்னும் குழந்தையை அடையாளமாகச் சொன்னார். அந்தக் குழந்தை நல்லது கெட்டது அறியும் முன்பே அந்த இரு மன்னர்களின் நாடுகளும் பாழாகும் என்பது செய்தி. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மத்தேயு அதே வாக்கை இயேசுவின் பிறப்போடு இணைத்தார். ஒரே வாக்கு இரு காலங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்ற குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

இந்தக் குழப்பத்தை விவிலியம் மறைக்கவில்லை. நாற்பது நாளில் நினிவே கவிழும் என்று யோனா அறிவித்தார். மக்கள் மனந்திரும்பினார்கள், நகரம் பிழைத்தது. சொன்னது நடக்காமல் போனதையே இறைவனின் இரக்கமாகக் காட்டும் நூல் அது. பாபிலோனிய சிறையிருப்பு எழுபது ஆண்டு என்றார் எரேமியா. தானியேல் நூலின் ஒன்பதாம் அதிகாரம் அந்த எழுபதை எழுபது வாரங்களாக, அதாவது 490 ஆண்டுகளாக விரித்துப் படிக்கிறது. பழைய வாக்கைப் புதிய துன்பத்தின் நடுவே மீண்டும் எடுத்துப் படிக்கும் வழக்கம் மறைநூலுக்கு உள்ளேயே பிறந்தது. தானியேல் இன்றைய வடிவை எட்டியது செலூக்கிய மன்னன் அந்தியோகஸ் எப்பிபானஸ் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய கி.மு. 167ஐ ஒட்டிய ஆண்டுகளில் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. பாபிலோனிய சிறையிருப்புக் காலத்து நூல் அது என்பது மரபு.

வெளிப்படுத்தின விசேஷத்தின் நிலை இன்னும் கடினம். 666 என்ற எண் நீரோ மன்னனின் பெயரை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் வரும் தொகை என்பர் பலர். சில பழைய படிகளில் அதே இடத்தில் 616 இருக்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனிசியஸ், நூல் தமக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டார். புரியாததால் அதைத் தள்ளிவிடவும் அவர் துணியவில்லை. 1522இல் மார்ட்டின் லூத்தர் இந்த நூலைக் குறைத்து மதிப்பிட்டு முன்னுரை எழுதினார். 1530இல் அதை மாற்றி, திருச்சபையின் துன்ப வரலாறாக அதற்குப் பொருள் கண்டார். அறிந்தவர்களே இப்படித் தயங்கிய நூலை எளிய விசுவாசி தயக்கத்தோடு அணுகுவதில் அவநம்பிக்கை எதுவும் இல்லை. அது நேர்மையான வாசிப்பு.

பிற்காலத்தில் இந்த நூலுக்கு நான்கு வாசிப்புகள் வேரூன்றின. எல்லாம் ரோமர் காலத்திலேயே நிறைவேறிவிட்டன என்பது ஒன்று. திருச்சபை வரலாறு முழுவதும் அதில் வரிசையாக இருக்கிறது என்பது இன்னொன்று. இனிமேல்தான் நடக்கும் என்பது மூன்றாவது. நன்மைக்கும் தீமைக்கும் இடையே எக்காலத்தும் நடக்கும் போரின் உருவகம் என்பது நான்காவது. இரண்டாவது வாசிப்பில்தான் கணக்குப் போடுவதற்கு அதிக இடம் கிடைத்தது. அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆதரவாளர்கள் தானியேலின் 2300 நாள்களை ஆண்டுகளாக எண்ணி, கிறிஸ்துவின் வருகைக்கு 1844 அக்டோபர் 22ஐக் குறித்தார்கள். அந்த நாள் வெறுமையாகக் கழிந்தது. ஏமாற்றமடைந்தவர்களில் ஒரு பகுதியினரிடமிருந்து ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை வளர்ந்தது.

தமிழர் வரலாற்றிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. அதன் தொடக்கம் திருநெல்வேலி. ஆங்கிலேயரான அந்தோனி நாரிஸ் குரோவ்ஸிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியன் அருளப்பன், வெளிநாட்டுச் சங்கத்தின் சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்தவர். 1860இல் அவரைச் சுற்றிய சபைகளில் எழுப்புதல் மூண்டது. படிப்பில்லாத பெண்களும் ஆண்களும் தரிசனம் கண்டார்கள், தீர்க்கதரிசனம் உரைத்தார்கள். அதன் அனல் மேற்கு மலைகளைத் தாண்டித் திருவிதாங்கூரை அடைந்தது.

அங்கே பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835இல் பிறந்த ராமய்யன், 1861இல் ஞானஸ்நானம் பெற்று யுஸ்துஸ் யோசேப்பு ஆனார். மக்கள் அவரை வித்துவான் குட்டி என்றார்கள். இசையும் கவித்துவமும் ஒருங்கே வாய்த்தவர், ஆங்கிலிக்கன் சபையின் குருவானவர். எழுப்புதல் உச்சத்தில் இருந்த 1875இல், ஆறே ஆண்டில் கிறிஸ்து திரும்பி வருவார் என்ற அறிவிப்பு அவரது வட்டத்தில் எழுந்தது. 1881 வந்தது; வருகை நிகழவில்லை. யோசேப்பும் உடன் இருந்தவர்களும் வருகை ஆவிக்குரிய வகையில் நிறைவேறிவிட்டது என்று பொருள் கொண்டு யுயோமயம் என்ற தனிச் சபையைக் கண்டார்கள். பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். 1887இல் யோசேப்பு மறைந்தார். அந்தச் சபை சிறிதாகச் சுருங்கியது. அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளோ, அவரது கணக்கை ஏற்காத சபைகளிலும் இன்றுவரை பாடப்படுகின்றன. கணக்கு பொய்த்த இடத்தில் பாட்டு நிலைத்தது. விசுவாசம் தேதியைப் பற்றிக்கொண்டு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தென்னிந்தியக் கிறிஸ்தவ வரலாற்றில் அரிது.

இருபதாம் நூற்றாண்டில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் கிறிஸ்துவின் வருகைக்கான ஆயத்தத்தை வாழ்க்கை முறையாகவே ஆக்கியது. அதன் ஊழியர்கள் திருமணத்தையும் சொத்தையும் துறந்து விசுவாச வீடுகளில் கூடி வாழ்கிறார்கள்.

தேதிக் கணக்கு இல்லாத வாசிப்புக்கு மலாயாவும் சான்று. அங்கே தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். கிறிஸ்தவர்கள் சிறு பகுதி. அவர்களுக்கு இடையே கத்தோலிக்கர், மெதடிஸ்ட், லூத்தரன், ஆங்கிலிக்கன் என்று ஊரிலிருந்தோ மலாயாவுக்கு வந்தபிறகோ கிடைத்த அடையாளங்கள் இருந்தன. நெகிரி செம்பிலானின் கோலா பிலாவைச் சுற்றி ஜுவாசே, ஜோகோல், பகாவ் பக்கங்களில் பரவிய ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று பால்மரம் வெட்டியவர்களுக்குத் தீர்க்கதரிசன நூல்களின் படிமங்கள் அந்நியமானவை அல்ல. சிறையிருப்பு, அந்நிய தேசம், கணக்கெழுதும் அதிகாரி எல்லாம் அவர்கள் கண்டறிந்தவை. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள், பெருந்தொகையினர் திரும்பவில்லை. அப்போது கோலா பிலாவைச் சேர்ந்திருந்த பகாவில் சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்கள் காட்டைத் திருத்திக் குடியேற்றப்பட்டு, மலேரியாவில் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அவர்களுடன் சென்ற ஆயர் அட்ரியன் டெவால்ஸ் 1945 சனவரியில் உயிர்நீத்தார். பஞ்சம், வாள், கொள்ளைநோய் என்று வெளிப்படுத்தின விசேஷம் எண்ணும் பேரிடர்களை அந்த நிலம் நேரில் பார்த்தது. ஒடுக்கப்பட்ட சபைகளைத் தேற்ற எழுதப்பட்ட நூல் அது என்ற வாசிப்புக்கு இத்தகைய வாழ்க்கை விளக்கவுரை எழுதாமலே சாட்சி தருகிறது.

நாள் குறிக்கும் வாசிப்பும் ஓயவில்லை. வளைகுடாப் போரிலிருந்து அண்மைய பெருந்தொற்று வரை ஒவ்வொரு நெருக்கடிக்கும் ஒரு கணக்கு வந்து போகிறது. அந்த நாளையோ நேரத்தையோ மகனும் அறியார் என்று மாற்கு 13இல் இயேசு சொன்னது எல்லாச் சபைகளுக்கும் பொதுவான வரம்பு. கணக்காளர்கள் தாண்டிச் செல்வதும் அதையே. பழைய சபைகளின் வாசக அட்டவணை இந்த வரம்புக்குள் நின்று தீர்க்கதரிசனத்தைக் கையாள்கிறது. கத்தோலிக்க ஒழுங்கின் மூன்றாண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டில், வழிபாட்டு ஆண்டு முடியும் நவம்பரில், தானியேல் 12உம் மாற்கு 13உம் ஒரே ஞாயிற்றில் வாசிக்கப்படுகின்றன. அந்தச் சுழற்சியின் முதல் இரு ஆண்டுகளில், திருவருகைக்கால ஞாயிறுகளில் ஏசாயாவின் பகுதிகளுக்கு முதன்மை இடம் உண்டு. லூத்தரன், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகளும் இதை ஒத்த ஒழுங்கையே பின்பற்றுகின்றன. ரப்பர் செம்பனையாகி, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்துக் குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் பெயர்ந்த பின்னும், பட்டணத்து ஆலயங்களில் அவர்களின் பிள்ளைகள் முறை வரும்போதெல்லாம் அதே பகுதிகளைத் தமிழில் கேட்கிறார்கள்.