தானியத்துக்கு எதிராக

பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூருக்குப் போயிருந்தேன். பச்சைமலைப் பக்கம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மரச் சிற்பங்களின் ஊர். ஒரே கட்டையிலிருந்து சாமி எழுந்து வருவதைப் பார்க்கப் போன எனக்கு, பட்டறை மூலையில் நார்மன் லூயிஸ் தரிசனம்!

சிற்பியின் மகன் பி.காம். முடித்துவிட்டு எஸ்.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகிறார். கையில் முதுகு கிழிந்த 'வேர்ட் பவர் மேட் ஈஸி'. 1949-ல் வந்த அமெரிக்கப் புத்தகம். ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடைகளில் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும்.

நல்ல புத்தகம்தான், சந்தேகமில்லை. லூயிஸ் வேர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு தாவுகிறார். கிரேக்கத்தில் 'கைனே' என்றால் பெண். பெண்களை வெறுப்பவர் மிஸாஜினிஸ்ட். அடுத்த அத்தியாயத்தில் அதே வேர், கைனகாலஜிஸ்ட்டாக ஸ்டெதஸ்கோப்போடு வந்து நிற்கும். கதை மாதிரி ஓடும். ஆனால் அவர் எழுதியது இந்த வார்த்தைகளை அரைகுறையாகவாவது காதில் வாங்கியிருக்கும் அமெரிக்கர்களுக்கு. நம்ம ஊர்ப் பையனுக்கு முதல் சந்திப்பே பட்டியலில்தான்.

லூயிஸையாவது மன்னிக்கலாம். அவரைப் பார்த்துக் கிளம்பிய உள்ளூர் 'வொக்காபுலரி' கைடுகள் இருக்கின்றனவே... ஒரு வார்த்தை, ஒரு அர்த்தம், ஒரு உதாரண வாக்கியம். 'கராலஸ் - வாயாடி. அவன் ஒரு கராலஸ் மனிதன்.' முடிந்தது பாடம்!

கொஞ்சம் நில்லுங்கள். வாயாடி என்றால் நமக்கு எதிர்த்துப் பேசும் துடுக்குப் பெண். கராலஸ் ஆசாமி வேறு, அவர் சுத்த அறுவை. அந்த வாக்கியமாவது காப்பாற்றுமா என்றால், கராலஸை எடுத்துவிட்டு 'குண்டு', 'நல்ல', 'செத்துப்போன' எதை வேண்டுமானாலும் போடலாம். பொருந்தும். 'பக்கத்து சீட்டுப் பெரியவர் பெரம்பலூரிலிருந்து திருச்சி வரை வாயை மூடவே இல்லை; கண்டக்டரே இடம் மாறி உட்கார்ந்தார்' என்று எழுதினால் அகராதியே வேண்டாம். உங்கள் கைடை இப்படிச் சோதித்துப் பாருங்கள். வார்த்தையை விரலால் மறைத்த பிறகும் வாக்கியம் அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும்.

இதில் வேடிக்கை, இந்த வித்தையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்ததே நம்ம பக்கத்து வாத்தியார்கள்தான். டாக்காவில் பாடம் நடத்திய மைக்கேல் வெஸ்ட், 1935-ல் ஓர் அகராதி போட்டார். சுமார் 24,000 பதிவுகள். அத்தனைக்கும் விளக்கம் வெறும் 1,490 எளிய வார்த்தைகளில்! ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஹார்ன்பி 1942-ல் போட்ட அகராதிதான் பிறகு ஆக்ஸ்ஃபோர்டின் மாணவர் அகராதி ஆனது. 1987-ல் கோபில்டு வந்து, உதாரணங்களை ஆசிரியர் மண்டையிலிருந்து எடுக்காமல், நிஜமாகப் பேசியதிலிருந்தும் எழுதியதிலிருந்தும் எடுத்தது. தமிழிலேயே 1992-ல் வந்த க்ரியா அகராதியைப் புரட்டுங்கள். உதாரண வாக்கியம் என்றால் என்ன என்று தெரியும்.

"அதெல்லாம் சரி சார், கொஸ்டின்ல சினானிம்தானே கேக்கறான்?" என்றார் பையன்.

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் ஜி.ஆர்.ஈ.காரர்களே 2011-ல் எதிர்ச்சொல் கேள்விகளைத் தூக்கிவிட்டார்கள். நம் தேர்வுகளில் அவை இன்னும் வாழ்கின்றன. வேலை வேண்டுமென்றால் உருப்போட்டுத்தான் ஆகவேண்டும். படிக்காதே என்று சொல்ல நான் யார்?

அவர் நோட்டை வாங்கிப் புரட்டினேன். இடியம்ஸ் பக்கம். 'எகெய்ன்ஸ்ட் தி க்ரெய்ன் - இயல்புக்கு மாறாக.'

"க்ரெய்ன்னா என்ன தம்பி?"

"தானியம் சார்."

"தானியத்துக்கு எதிரா எப்படி இயல்புக்கு மாறா ஆகும்?"

சிரித்தார். நூறு முறை எழுதியிருக்கிறார், ஒரு முறையும் கேட்டுக்கொண்டதில்லை. மரத்துக்குள் ஓடுகிற ரேகைக்கும் அதுதான் பெயர் என்றேன். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, ஒரு கழிவுக் கட்டையை எடுத்து உளியைத் திருப்பி வைத்து ஒரு தட்டு தட்டினார். சில்லு பெயர்ந்து எகிறியது.

"ரேகைக்கு எதுக்க வெச்சா இப்படித்தாம்ப்பா பிச்சுக்கிட்டு வரும். இதுக்குமா இங்கிலீஷ்ல வார்த்தை இருக்கு?"

பையன் நோட்டைத் திரும்ப வாங்கி, பழைய வரியை அடித்துவிட்டு, அப்பாவையும் உளியையும் வைத்து இங்கிலீஷில் ஒரு வாக்கியம் எழுதினார். கிராமர் கொஞ்சம் இடித்தது. நான் திருத்தவில்லை.