வளம் வேறு, அரண் வேறு

நிலக்கரி மிகுந்த நாட்டுக்கு மின்னாற்றலைப் பற்றிய கவலை இல்லை என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. நிலநூற் பாடத்தில் கனிவளங்களைப் பட்டியலிட்டுக் கற்பிக்கும் ஆசிரியராகிய நாமும் இதற்குத் துணைபோகின்றோம். இக்கருத்துப் பொருந்துமா என ஆராய்தல் நம் கடன்.

வள்ளுவர் பொருட்பாலில் நாட்டுக்கு ஓர் அதிகாரமும் அரணுக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். குறையா விளைவு நாட்டின் இலக்கணம். பகைவர் கொள்ளுதற்கு அரியதாய் இருப்பதோடு, வேண்டிய உணவை உள்ளே கொண்டிருத்தல் அரணின் இலக்கணம். வயலில் விளைந்த நெல் வேறு, கோட்டைக்குள் சேர்ந்த நெல் வேறு என்பது இதனால் பெறப்படும். அனல் மின்நிலையத்துக்கு நிலக்கரியே உணவு. அதற்கும் இவ்விதி பொருந்தும்.

மின்நிலையங்களுக்குரிய நிலக்கரியை உலகிலேயே மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடு இந்தோனேசியா. அந்நாடே 2022 சனவரித் திங்களில் ஏற்றுமதியைத் தடை செய்தது. காரணம் யாது? உள்நாட்டு மின்நிலையங்களில் கையிருப்பு வற்றிவிட்டது. தடை விதிக்காவிடில், 10,850 மெகாவாட் திறனுடைய ஏறத்தாழ 20 மின்நிலையங்கள் நின்றுபோகும் என்று அரசினர் அறிவித்தனர். மண்ணுக்குள் கரி இருந்தது, உலைக்களத்தில் இல்லை.

சுரங்கத்தார் தம் விளைவில் 25 விழுக்காட்டை உள்நாட்டுக்கு அளித்தல் வேண்டும் என்பது அன்றைய விதி. மின்நிலையங்களுக்கு விற்கும் விலையோ டன்னுக்கு 70 டாலருக்கு மேற்படலாகாது என்றிருந்தது. அவ்வேளையில் வெளிச்சந்தை விலை அதனினும் இருமடங்குக்கு மேல். விதி ஏட்டில் இருந்தது, கரி கப்பலேறியது. விலையில் இத்துணைப் பள்ளத்தை வைத்துவிட்டு, விதியை மட்டும் நம்பியது அரசினரின் பிழை.

தடை அந்நாட்டு விளக்கைக் காத்தது உண்மை. ஆயின் சுமையை அண்டையார் தலைமேல் ஏற்றியது. சப்பானும் தென்கொரியாவும் பிலிப்பீன்சும் தடையைத் தளர்த்துமாறு வேண்டின. மஞ்சோங், காப்பார், தஞ்சோங் பின் ஆகிய இடங்களில் இறக்குமதிக் கரியை எரிக்கும் மலேசியர்க்கும் இது பாடமன்றோ?

அங்ஙனமாயின் கரியை மலைபோல் குவித்துவிடலாமே என்பர் சிலர். அதுவும் முற்றும் சரியன்று. குவித்த கரி காற்றுப்பட்டுத் தானே சூடேறித் தீப்பற்றும். குவியலில் முடங்கும் பணமும் சிறிதன்று. ஆகவே இத்தனை நாளுக்குரிய கையிருப்பு என அளவிட்டு, குவியலை இறுக்கி, பழைய கரியை முதலில் எரித்து, ஒரே நாட்டை நம்பாது பல துறைமுகங்களிலிருந்து வாங்குதலே தக்க வழி. இவற்றை விழிப்போடு செய்வார் வேண்டும். செயலில் சிறந்தார் இல்லையேல் எத்தகைய அரணும் பயனற்றது என்று வள்ளுவர் அவ்வதிகாரத்தை முடித்ததும் இதுபற்றியே.

எந்நாட்டில் எவ்வளவு கரி புதைந்துள்ளது என்று மாணவரைக் கேட்கும் நாம், இனி மற்றொன்றும் கேட்போம்: நாளை கப்பல் வாராவிடின், எத்தனை நாள் விளக்கெரியும்?