50 ஆயிரத்தில் ஒரு கேமிங் பிசி: உத்திரமேரூர்க் கணக்கு

தமிழ் யூடியூபில் ‘50 ஆயிரத்தில் கேமிங் பிசி’ என்று தேடினால் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை ஒரே சூத்திரத்தைத்தான் சொல்கின்றன: பணத்தில் பாதியை கிராபிக்ஸ் கார்டில் போடு, மீதியில் மற்றதை முடி. சூத்திரம் தவறில்லை. கரன்ட் சீராக வருகிற, பழுதானால் சாயங்காலத்துக்குள் சர்வீஸ் சென்டருக்குப் போய்வர முடிகிற ஊருக்கு அது சரி. அதே பெட்டி உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், பம்புசெட்டுகளோடு ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பங்கு போட்டுக்கொண்டு ஓடப்போகிறது என்றால், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்ற கணக்கை முதலிலிருந்து போட வேண்டும். இந்த 50 ஆயிரத்தில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் சேராது. யுபிஎஸ் சேரும். அதை ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைக்கிற வசதி இந்த ஊருக்கு இல்லை.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதலாம் பராந்தகன் காலத்தில் கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்கு அதில் பிடித்தது, யாரெல்லாம் ஆகாதவர் என்று சபையார் நீட்டி முழக்கிச் சொல்லியிருக்கும் பகுதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது, அவன் உறவுக்காரர்கள் பெயரும் கூடாது. ஆகாததை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தில் தேர்ந்தெடு என்பது கம்ப்யூட்டர் பாகங்களுக்கும் பொருந்துகிற முறைதான்.

முதலில் கழிய வேண்டியது, கேபினட்டோடு ‘ஃப்ரீ’யாக வரும் எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. மேலே கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். பெரிய எழுத்தை விட்டுவிட்டு, லேபிளில் 12 வோல்ட் என்ற இடத்தில் எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 15 ஆம்பியர் என்றால் 12-ஐ 15-ஆல் பெருக்கினால் 180 வாட்தான் வருகிறது. ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. மீதி 270 வாட் வெறும் எழுத்து. இது கணக்குக் காட்டாத வகை, குடத்துக்குள் போகக் கூடாது.

‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை உள்ளதை வாங்கினால் போதும் என்று வீடியோக்கள் இங்கே நிறுத்திக்கொள்ளும். நமக்குப் போதாது. அந்த முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் பயன்படுகிறது என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு குறைந்த வோல்டேஜைத் தாங்கும் என்பதைச் சொல்வதில்லை. பிரான்ஸ் முத்திரை உள்ள மலிவு மாடல்களிலேயே சிலவற்றில் ‘200-240 வோல்ட்’ என்றும், சிலவற்றில் ‘100-240 வோல்ட்’ என்றும் போட்டிருக்கும். காகிதத்தில் நமக்கு வருவது 230 வோல்ட். லைன் முடிகிற இடத்தில் இருக்கிற வீட்டில், சாயங்காலம் ஊரே விளக்கும் ஃபேனும் போடுகிற நேரத்தில், 230 வராது என்பது டியூப்லைட் விட்டுவிட்டு எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் விளையாட உட்காருவதும் அதே நேரம்தான். விலையில் பெரிய வித்தியாசமில்லாத இரண்டு எஸ்எம்பிஎஸ்களுக்கு நடுவே இந்த ஒரு வரிதான் தீர்ப்பு. ஆனால் இதைப் படித்துக் காட்டுகிற வீடியோவை நான் பார்த்ததில்லை.

அடுத்தது யுபிஎஸ். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான் தரும். 1000 விஏ-வுக்கு 600 வாட் வரை. கரன்ட் போனால் முக்கால் மணி நேரம் ஆடலாம் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். சில நிமிஷங்களில் சேமித்துவிட்டு அணைக்கத்தான் அது. அதைவிட முக்கியம், வோல்டேஜ் இறங்கும்போது ஏற்றியும் ஏறும்போது இறக்கியும் கொடுக்கிற அதன் ஏவிஆர். வீட்டில் எர்த் சரியில்லையென்றால் இதெல்லாமே வீண். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிபார்க்கிற செலவையும் பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு, திரையில் ஒரு ஃபிரேமைக்கூடக் கூட்டாத இந்தச் சமாசாரங்களுக்கே போய்விடும். யூடியூப் சூத்திரம் இங்கேதான் உடைகிறது.

கேபினட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்பக்கம் கண்ணாடி போட்டு உள்ளே வண்ண விளக்கு மினுக்குகிறவை வேண்டாம். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டுகிற காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஏசி இல்லாத அறையில், காற்று நுழைய வழியில்லாத பெட்டி ப்ராசஸரைத் தானே வேகம் குறைத்துக்கொள்ள வைக்கும். முன்பக்கம் சல்லடை, அதற்குப் பின்னால் கழற்றிக் கழுவக்கூடிய ஃபில்டர் இருந்தால் போதும். கல்குவாரிகளும் கிரஷர்களும் உள்ள வட்டாரத்தில் ஃபில்டர் இல்லாத பெட்டி சீக்கிரமே புழுதிக் கிடங்காகிவிடும்.

இனி சண்டை நடக்கிற இடம். 50 ஆயிரத்துக்குள் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு.

முதல் வழி, ஆபீஸ்களிலிருந்து கழித்துக் கட்டிய பழைய பிராண்டட் கம்ப்யூட்டரை வாங்கி, அதில் தனி மின் இணைப்பு கேட்காத கிராபிக்ஸ் கார்டைச் செருகுவது. இதற்கு அதிகம் பேர் தேடுவது டெல் ஆப்டிபிளெக்ஸ். 2007-இலிருந்து டெல் தொழிற்சாலை இதே மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில்தான் ஓடுகிறது என்பது வேடிக்கை. இந்த வழியை நக்கல் செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இந்தப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ், அதே விலைக்குப் புதிதாகக் கிடைப்பவற்றைவிடப் பெரும்பாலும் நல்ல தரம். ஜிடிஎக்ஸ் 1650 கேட்பது 75 வாட், 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 கேட்பது 70 வாட். பெட்டி முழுதும் சேர்த்தாலும் சின்ன யுபிஎஸ் தாங்கும். கரன்ட் கணக்கில் மட்டும் பார்த்தால் இது வெல்ல வேண்டிய வழி.

தோற்பது வேறு இடத்தில். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். மலிவாகக் கிடைக்கிற ஆப்டிபிளெக்ஸ்களில் பெரும்பாலானவை 4-ஆம், 6-ஆம் தலைமுறை. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றலாம். ஆனால் விண்டோஸ் 11-இல் வாலரன்ட் ஆட டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் கட்டாயம். மேலும் இவற்றின் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் கம்பெனிக்கென்றே தனி அளவில் செய்தவை. எஸ்எம்பிஎஸ் போனால் செங்கல்பட்டுக் கடையில் கிடைக்கிற சாதாரணப் பெட்டி உள்ளே பொருந்தாது. 8-ஆம் தலைமுறை ஒன்று நல்ல விலைக்குக் கிடைத்தால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம். அதற்குக் கீழே என்றால் வேண்டாம்.

இரண்டாவது வழி, கிராபிக்ஸ் கார்டே இல்லாமல் ரைசன் 5 5600ஜி. 2021-இல் வந்த இந்த 65 வாட் ப்ராசஸரில் 6 கோர்களோடு கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. மூன்றாவது, இன்டெல் ஐ3-12100 அல்லது ஐ5-12400-ஐ எடுத்து, 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600 கார்டோடு சேர்ப்பது. யூடியூப் சூத்திரம் கொண்டுபோய் நிறுத்துவது இந்த மூன்றாவதில்தான்.

திறனில் இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கிராபிக்ஸுக்கு மெமரி எவ்வளவு வேகத்தில் கிடைக்கிறது என்பது முக்கியமான அளவுகோல். ஆர்எக்ஸ் 6600-க்கு விநாடிக்கு 224 ஜிபி. 5600ஜி-க்குத் தனி மெமரி கிடையாது, கம்ப்யூட்டரின் ராமிலேயே கடன் வாங்க வேண்டும். டிடிஆர்4-3200 ராம் இரண்டு போட்டால் 51.2 ஜிபி, ஒன்றே ஒன்று போட்டால் அதில் பாதி. ‘இப்போதைக்கு ஒரு 16 ஜிபி ஸ்டிக் போட்டுக்கலாம் தம்பி, அப்புறம் ஏத்திக்கலாம்’ என்று கடையில் சொல்வதைக் கேட்டு 5600ஜி வாங்கியவர்கள்தான் ‘லேக் ஆகுது’ என்று அந்த ப்ராசஸரைத் திட்டுகிறார்கள். 8 ஜிபி இரண்டு என்பது அதற்கு நிபந்தனை.

அப்படியானால் மூன்றாவது வழிதானே சரி? இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு முடிவு செய்யலாம். என்ன ஆடப்போகிறீர்கள்? எதில் பார்க்கப்போகிறீர்கள்? இந்தப் பக்கத்துப் பையன்கள் ஆடுவது வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக், 2015-இல் பிசிக்கு வந்த ஜிடிஏ 5, மைன்கிராஃப்ட், இன்னும் சாகாத இஏ கிரிக்கெட் 07. இவை அத்தனையையும் 5600ஜி அமைப்புகளைக் குறைத்து ஓட்டிவிடும். வாலரன்ட்டில் 60 ஃபிரேமைத் தாராளமாகத் தாண்டும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 போன்றவற்றுக்குத்தான் அது திணறும். திரை விஷயமும் அப்படியே. நிறைய வீடுகளில் மானிட்டராகப் பயன்படுவது 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட 32 அங்குல டிவி. விநாடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கிற அந்தத் திரையில் 150 ஃபிரேம் தயாரித்து என்ன பயன்? 1080பி மானிட்டர் வாங்காதவரை ஆர்எக்ஸ் 6600-இன் பாதித் திறன் சும்மா கிடக்கும்.

டவுன்லோடையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேட்கும் இடம் 150 ஜிபி. ஃபைபர் இணைப்பு வராத வீட்டில், நாளைக்கு 2 ஜிபி தருகிற மொபைல் பிளானில் முழுவதையும் இறக்க 75 நாள் ஆகும். பெரிய கேம்களுக்காகப் பெரிய கார்டு வாங்குகிறவர் அந்தக் கேம் வீட்டுக்கு எப்படி வந்து சேரும் என்றும் பார்க்க வேண்டும்.

5600ஜி-யின் மேல் எனக்கும் ஒரு குறை உண்டு. ‘பிறகு கார்டு போட்டுக்கொள்ளலாம்’ என்பது அதன் ஆதரவாளர்களின் வாதம். போடலாம். ஆனால் அதன் எல்3 கேஷ் 16 எம்பி. கிராபிக்ஸ் இல்லாத 5600-க்கு 32 எம்பி. கார்டு இணைப்பிலும் பிசிஐ 3.0-வோடு நின்றுவிடுகிறது. நாளை கார்டு போட்டால் அதே கார்டு வேறு ப்ராசஸரில் தருவதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தரும்.

விலையைத் தலைகீழாக்கிய இன்னொரு விஷயம் ராம். 2025 நடுவில் 16 ஜிபி டிடிஆர்4 சுமார் 3 ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே மெமரி போகத் தொடங்கியதும், அந்த வருஷக் கடைசிக்குள் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. க்ரூஷியல் என்ற பெயரில் கடைக்கு ராம் விற்றுவந்த மைக்ரான், அந்தச் சில்லறை வியாபாரத்தையே விடுகிறோம் என்று 2025 டிசம்பரில் அறிவித்தது. பழைய வீடியோவின் விலைப்பட்டியலை நம்பி பஸ் ஏறுகிறவருக்கு முதல் அதிர்ச்சி ராமில்தான். இந்த ஏற்றம் மூன்று வழிகளையும் தாக்குகிறது என்றாலும், ஏற்கெனவே இழுத்துப் பிடித்து நின்ற மூன்றாவது வழி இதனால் 50 ஆயிரத்தை விட்டு வெளியே போய்விட்டது. அதை 50-க்குள் திணிக்க வேண்டுமானால் எஸ்எம்பிஎஸ்ஸிலோ யுபிஎஸ்ஸிலோதான் கை வைக்க வேண்டும். அந்தக் கதவைத்தான் முதலிலேயே அடைத்துவிட்டோமே.

லேப்டாப் ஏன் கூடாது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பேட்டரி உள்ளேயே இருப்பதால் கரன்ட் பிரச்சினை பாதி தீர்ந்தது. காலேஜுக்கும் எடுத்துப் போகலாம். ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் வீட்டுக்கு என்றால், படிப்புக்கே முதலிடம் என்றால், லேப்டாப்தான் சரி. விளையாட்டுக்கென்றே வாங்கினால், 40 டிகிரி வெயிலில் அந்தக் குறுகிய உடம்புக்குள் சூடு தங்குவதும், ஒரு பாகம் போனால் மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதும் அதற்கு எதிராக நிற்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு இது. யுபிஎஸ்ஸும் சேர்த்து 50 ஆயிரம் என்றால் ரைசன் 5 5600ஜி, 8 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ‘100-240 வோல்ட்’ என்று போட்ட 550 வாட் பிரான்ஸ் எஸ்எம்பிஎஸ், 600 விஏ யுபிஎஸ். 550 வாட் இன்றைக்கு அதிகம்தான்; நாளை 132 வாட் கேட்கிற ஆர்எக்ஸ் 6600 வந்தால் பெட்டியைப் பிரிக்காமல் செருகலாம். வேகத்தில் இது முதலிடம் இல்லை. இந்த மின்சாரத்துக்கும் இந்த வெயிலுக்கும் இந்தத் தூரத்துக்கும் முதலிடம் இதற்குத்தான்.

கையில் 65 ஆயிரம் இருக்கிறது, 1080பி மானிட்டரும் இருக்கிறது என்றால் தயங்காமல் ஐ3-12100-உம் ஆர்எக்ஸ் 6600-உம், யுபிஎஸ் 1000 விஏ. ஒரு நிபந்தனை: 12100-க்குப் பின்னால் ‘எஃப்’ இருக்கக் கூடாது. எஃப் போட்டது விலை குறைவு என்று எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அதில் உள் கிராபிக்ஸ் வேலை செய்யாது. கார்டு பழுதாகி வாரன்டிக்குச் சென்னை போனால், அது திரும்புகிற வரை பெட்டியில் படமே வராது. அண்ணா சாலையில் குடியிருப்பவருக்கு அது சின்னத் தொல்லை. 90 கி.மீ. தள்ளி இருக்கிறவருக்கு, ஆன்லைன் வகுப்பும் விண்ணப்பமும் அதே பெட்டியில் பார்க்கிற வீட்டுக்கு, அந்தச் சேமிப்பு நஷ்டம்.

பழைய கார்டு விஷயத்தில் நான் கறார். எத்தீரியம் மைனிங் 2022 செப்டம்பரில் நின்றபின் சந்தையில் கொட்டப்பட்ட கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கண்ணெதிரே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டாமல், பில்லும் இல்லாமல், எந்த விலைக்கும் வேண்டாம்.

வாங்குவது சென்னை ரிச்சி தெருவில் என்றால், செங்கல்பட்டு வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன், பிறகு நடை. ‘பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்’ என்ற பேச்சு நிச்சயம் வரும். 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகிறது என்று தோன்றும். வாரன்டிக்கு அலையும்போது காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. ப்ராசஸரை சீல் உடையாத பாக்ஸில் கேளுங்கள், எஸ்எம்பிஎஸ் லேபிளை நீங்களே படியுங்கள், ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பார்த்தபிறகு பணத்தைக் கொடுங்கள்.